கொல்லைப்புற அறை வரை வைஃபை: பழைய கணினி கைகொடுக்குமா?

கணினி கேள்வி பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் பல, வீட்டின் ஒரு பகுதியில் வைஃபை எட்டவில்லை, இருக்கிற கணினியைக் கொண்டே அதை நீட்டிக்க முடியுமா என்ற ஒரே சிக்கலைப் பற்றியவை. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: எங்களுடையது அக்கிரகாரத்துப் பழைய வீடு. தெருப்பக்கம் ரேழியில் ஃபைபர் இணைப்பின் மோடம் பெட்டி இருக்கிறது. கூடம் வரை வைஃபை நன்றாக வருகிறது. அதைத் தாண்டி இரண்டாம் கட்டில் மகள் படிக்கும் அறையில் ஒரு கோடுகூடத் தெரிவதில்லை. விண்டோஸ் 10 உள்ள லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. புதிதாக எதுவும் வாங்காமல், அதை வைத்து வைஃபையைப் பின்பக்கம் வரை கொண்டுபோக முடியுமா?

பதில்: முடியும். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இந்த வசதி விண்டோஸுக்குள் இருக்கிறது. அப்போது கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் அதை இயக்க வேண்டியிருந்தது. 2016 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து, 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்ற பெயரில் செட்டிங்ஸ் பக்கத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. லேப்டாப்பை வீட்டு வைஃபையில் இணைத்துக்கொண்டு, செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குள் மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, எந்த இணைப்பைப் பகிர வேண்டும் என்ற இடத்தில் வைஃபை என்பதையே தேர்ந்தெடுத்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இயக்கினால், லேப்டாப் ரவுட்டரிடமிருந்து (வைஃபையைத் தரும் அந்த மோடம் பெட்டியைத்தான் இப்படிச் சொல்கிறோம்) வாங்கிய இணையத்தைத் தன் பெயரில் மறுபடியும் ஒலிபரப்பத் தொடங்கும். ஒரே நேரத்தில் எட்டுக் கருவிகள் வரை அதில் சேரலாம்.

இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது லேப்டாப்பை வைக்கும் இடத்தில்தான். சிக்னல் எங்கே இல்லையோ அங்கேயே, அதாவது மகளின் அறையிலேயே, அதைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். ரவுட்டரின் அலை எட்டாத இடத்தில் ஒரு செல்போன் எப்படித் தவிக்குமோ, லேப்டாப்பும் அப்படியேதான் தவிக்கும். கேட்காததை அது எடுத்துச் சொல்ல முடியாது. சிக்னல் இன்னும் வலுவாக இருக்கும் கடைசி இடம் எதுவோ, அதுதான் லேப்டாப்புக்கு உரிய இடம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை வலிமையை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ரேழியிலிருந்து பின்பக்கமாக மெல்ல நடந்து பாருங்கள். அந்த எண் எப்போதும் மைனஸ் குறியுடன் இருக்கும். ரவுட்டரின் பக்கத்தில் மைனஸ் 40 அளவில் இருக்கும் அது, நகர நகர மைனஸ் 60, 70 என்று இறங்கும். மைனஸ் 65-ஐ ஒட்டி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 80 காட்டும் இடத்தில் லேப்டாப்பை வைப்பதில் பயனில்லை.

உங்கள் வீட்டின் அமைப்பு இதற்கு உதவியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இத்தகைய வீடுகளில் வாசற்படியில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், இரண்டாம் கட்டு என்று ஒரே நேர்கோட்டில் கதவுகள் அமைந்து, கொல்லைக் கதவு வரை பார்வை போகும். வைஃபை அலைக்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர் பெரிய தடை. திறந்த கதவும் முற்றமும் நல்ல வழி. லேப்டாப்பை முற்றத்தை ஒட்டி, அந்தக் கதவுகளின் நேர்கோட்டில், தரையில் அல்லாமல் மேசை உயரத்தில் வையுங்கள். சாரலும் வெயிலும் படாத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அடித்துவிடுவதால், அவற்றுக்குப் பின்னால் மட்டும் வைக்க வேண்டாம்.

பல லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா கீபோர்டுப் பகுதியில் இருப்பதில்லை. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் மேல்விளிம்பில், பிளாஸ்டிக்குக்குள் ஒட்டப்பட்டிருக்கும். எனவே மூடியைச் சாத்தி வைத்தால் ஆன்டெனா உலோக அடிப்பகுதியின் மேல் படுத்துவிடும், அலையின் வீச்சும் குறையும். மூடியைத் திறந்தே வைத்துத் திரை விளக்கை மட்டும் அணையும்படி செய்யுங்கள். பவர் அமைப்புகளில், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் நிலைக்கு ஒருபோதும் போகாதபடி மாற்றிவிடுங்கள். ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே, எந்தக் கருவியும் இணையாதபோது தானாக அணைந்துவிடும் மின்சேமிப்பு வசதி ஒன்று உண்டு. அதையும் நிறுத்தாவிட்டால், மகள் போனை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே போய்வந்ததும் இணைப்பு காணாமல் போயிருக்கும்.

வேகத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். சாதாரண லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு வைஃபை அட்டை. ரவுட்டரிடம் கேட்பதும் மகளின் போனுக்குச் சொல்வதும் அதே அட்டைதான். பெரும்பாலும் அதே சேனலில், அதாவது அதே அலைப்பாதையில்தான். கேட்கும் நேரத்தில் சொல்ல முடியாது, சொல்லும் நேரத்தில் கேட்க முடியாது. ஆகவே கூடத்தில் லேப்டாப்புக்கு 60 எம்பிபிஎஸ் (Mbps, இணைய வேகத்தின் அளவு) வந்தால், பின்னறையில் 30 அல்லது அதற்கும் குறைவாகத்தான் கிடைக்கும். வைஃபையை நீட்டிக்கவென்றே கடையில் விற்கும் மலிவான ரிப்பீட்டர்களில் பலவற்றுக்கும் இதே குறை உண்டு. ஆனால் ஒரு வீடியோ வகுப்புக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் போதுமானது என்பதால், உங்கள் தேவை இதில் நன்றாகவே நிறைவேறும்.

ஹாட்ஸ்பாட்டுக்கு அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். அதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் அதில் பாதிதான். சுவரைக் கடக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் கூடுதலாகத் தேய்ந்துபோகும்.

இவ்வளவையும் செய்வதற்கு முன், செலவே இல்லாத ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். மோடம் பெட்டி ரேழியின் மூலையில், மின்மீட்டருக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக இருக்கிறதா? இணைப்புக் கொடுக்க வருபவர்கள் ஒயர் உள்ளே நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். ஃபைபர் ஒயரில் மிச்ச நீளம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தால், கூர்மையாக மடங்காதபடி அதைப் பிரித்து, பெட்டியைக் கூடத்து வாயிலின் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சில வீடுகளில் சிக்கல் இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டாக வைத்துப் பின்னறைக்கு இணையம் கொடுத்துவிட்டேன். யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் ஓடுகின்றன. ஆனால் பின்னறையில் உள்ள பிரிண்டரை ஹாட்ஸ்பாட்டில் சேர்த்த பிறகு, முன்னறையிலிருந்து அச்சிட முடியவில்லை. போனில் இருக்கும் படத்தை ஹாலிலுள்ள டிவிக்கு அனுப்பவும் முடியவில்லை. எங்கே தவறு?

பதில்: தவறு உங்களுடையது அல்ல, இந்த முறையின் இயல்பே அதுதான். விண்டோஸ் ஹாட்ஸ்பாட் உங்கள் வீட்டு நெட்வொர்க்கை நீட்டுவதில்லை. அதன் பின்னால் இன்னொரு நெட்வொர்க்கைப் புதிதாக உண்டாக்குகிறது. ஒவ்வொரு கருவிக்கும் உங்கள் ரவுட்டர் கொடுக்கும் எண் முகவரிகள் (ஐபி முகவரிகள்) 192.168.1 என்று தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த போனின் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தால், முகவரி 192.168.137 என்று தொடங்குவதைக் காண்பீர்கள். பின்னறைக் கருவிகள் அனைத்தும் லேப்டாப்பின் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றன. முன்னறையிலிருந்து பார்த்தால் லேப்டாப் மட்டும்தான் தெரியும், பிரிண்டர் தெரியாது. பிரிண்டர்களும் டிவிகளும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று விடுக்கும் அறிவிப்பும் தன் நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டி வராது.

எதிர்த்திசையில் வழி திறந்திருக்கிறது. பிரிண்டரை ரவுட்டரின் வைஃபையிலேயே, அதாவது முன்பக்கத்தில் வைத்துவிட்டால், பின்னறைக் கணினியிலிருந்து அதன் ஐபி முகவரியைக் கைப்பட உள்ளிட்டுச் சேர்க்கலாம், அச்சிட முடியும். தானாகக் கண்டுபிடிக்கும் வசதி மட்டும் கிடைக்காது. டிவிக்குப் படம் அனுப்பும்போது போனை ரவுட்டரின் வைஃபைக்கு மாற்றிக்கொள்வதைத் தவிர எளிய வழி இல்லை.

இதே காரணத்தால், ஹாட்ஸ்பாட்டுக்கு ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். போன் இரண்டையும் ஒன்றென எண்ணிக் கூடத்தில் இதற்கும் அதற்குமாகத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் முகவரி மாறி, பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுந்துபோகும். வேறு பெயர் கொடுப்பதே நல்லது.

நெட்வொர்க் பிரிட்ஜ் என்ற வசதியால் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். கணினிக்கு இணையம் ஈத்தர்நெட் ஒயர் (ரவுட்டரையும் கணினியையும் நேராக இணைக்கும் ஒயர்) வழியாக வந்தால் பிரிட்ஜ் ஒத்துழைக்க வாய்ப்பு அதிகம். வைஃபை வழியாக வரும்போது, ரவுட்டர் தன்னிடம் கடவுச்சொல் கொடுத்துச் சேர்ந்த அந்த ஒரு அட்டையின் வன்பொருள் முகவரியை மட்டுமே ஏற்கும். அதன் பின்னால் நிற்கும் பிற கருவிகள் தத்தம் சொந்த வன்பொருள் முகவரியோடு வந்தால் அவற்றை அது அடையாளம் கண்டுகொள்ளாது. பிரிட்ஜ் பல வீடுகளில் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: கீழ்த்தளத்து ரவுட்டரிலிருந்து மாடியிலுள்ள டெஸ்க்டாப் கணினிக்கு ஈத்தர்நெட் ஒயர் இழுத்திருக்கிறேன். மாடியில் போனுக்கு வைஃபை கிடைப்பதில்லை. டெஸ்க்டாப்பில் வைஃபை அட்டையும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: இந்த இதழுக்கு எழுதியவர்களில் மிக நல்ல நிலையில் இருப்பவர் நீங்கள்தான். கம்பி பின்னிய கான்கிரீட் தளத்தைத் துளைத்து அலையை மேலேற்றுவது கடினம். நீங்களோ அந்த வேலையை ஒயரிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். ஒயரில் வாங்கிக் காற்றில் கொடுக்கும்போது, வைஃபை அட்டைக்குக் கொடுக்கும் வேலை மட்டுமே இருப்பதால், மேலே சொன்ன பாதி வேக இழப்பு இங்கே இல்லை.

யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்குங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்குவதாகவும், ஹாட்ஸ்பாட் அல்லது ஆக்சஸ் பாயின்ட் முறையில் வேலை செய்யும் என்று அட்டைப்பெட்டியில் குறிப்பிடப்பட்டதாகவும் இருக்கட்டும். நகக்கண் அளவே உள்ள மிகச்சிறிய டாங்கிள்களில் ஆன்டெனாவுக்கு இடமே இருப்பதில்லை. வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதே மேல். அதைச் செருகி, மொபைல் ஹாட்ஸ்பாட் பக்கத்தில், பகிர வேண்டிய இணைப்பாக ஈத்தர்நெட்டையும் பகிரும் வழியாக வைஃபையையும் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரே மாடி, இடையில் சுவர் குறைவு என்றால் 5 கிகாஹெர்ட்ஸையே வையுங்கள்.

டாங்கிளைக் கணினிப் பெட்டியின் பின்புறத்தில், அதிலும் நீல நிறத்து யூஎஸ்பி 3.0 துளையில் செருக வேண்டாம். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வந்து விழுகிறது என்பது சோதித்து அறியப்பட்ட உண்மை. பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க் ஓடினால் வைஃபை தடுமாறும். உலோகப் பெட்டியும் ஒரு பக்கத்தை முழுக்க மறைத்துவிடும். ஒரு மீட்டர் நீள யூஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் டாங்கிளை மாட்டி, மேசைக்கு மேலே, அறையின் வாசலைப் பார்த்தபடி தொங்கவிடுங்கள். இந்தச் சிறு வேலை தரும் பலன் பெரிது.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் ஒரு மேக்கும், உபுண்டு போட்ட பழைய லேப்டாப்பும் இருக்கின்றன. இவற்றில் முடியுமா?

பதில்: மேக்கில் 'இன்டர்நெட் ஷேரிங்' என்ற வசதி உண்டு. ஈத்தர்நெட்டில் வாங்கி வைஃபையில் கொடுக்க அது நன்றாக உதவும். வைஃபையில் வாங்கியதை அதே வைஃபையில் திருப்பிக் கொடுப்பதற்கு அதை நம்ப வேண்டாம். உபுண்டுவின் வைஃபை அமைப்பிலுள்ள ஹாட்ஸ்பாட் பொத்தானை அழுத்தினால், அதுவரை இருந்த வைஃபை இணைப்பைத் துண்டித்துக்கொண்டே அது ஹாட்ஸ்பாட்டாக மாறும். எனவே அங்கேயும் ஒயர் வேண்டும், அல்லது இரண்டாவதாக ஒரு டாங்கிள் வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: லேப்டாப்பை இரவும் பகலும் போட்டு வைத்தால் மின்கட்டணம் எகிறாதா? பேட்டரி கெட்டுப்போகாதா?

பதில்: திரை அணைந்த நிலையில் ஒரு பழைய லேப்டாப் ஏறக்குறைய 20 முதல் 30 வாட் எடுக்கும். 30 வாட் என்றே கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 யூனிட், நம் மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 43 யூனிட். அதே நேரத்துக்கு 6 வாட் ரவுட்டர் ஒன்று 9 யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். டெஸ்க்டாப் என்றால் லேப்டாப்பைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆகலாம். 43 யூனிட் தானே என்று விட்டுவிட முடியாது. உங்கள் வீட்டுக் கணக்கு 470, 480 யூனிட்டில் நிற்பதாக இருந்தால், 500-ஐத் தாண்டியதும் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளின் கட்டண விகிதமும் மாறிவிடும். தேவைப்படும் நேரத்தில் மட்டும் இயக்கிப் பிறகு அணைப்பதாக இருந்தால் கவலையில்லை. ஆண்டு முழுவதும் நாள் முழுவதும் ஓட வேண்டும் என்றால், அந்த வேலைக்குக் கணினி பொருத்தமான கருவி அல்ல என்பதே என் கருத்து.

பேட்டரியைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. சார்ஜரிலேயே கிடந்து, 100 சதவீதத்திலேயே நின்று, சூட்டிலும் இருக்கும் லித்தியம் பேட்டரி விரைவில் முதுமையடையும். சில சமயம் உப்பும். பல லேப்டாப்களில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். மெத்தை, துணி விரிப்பு மேல் வைக்காதீர்கள். விரல் தடவும் டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பி நின்றாலோ, அடிமூடி சமமாக உட்காரவில்லை என்றாலோ, பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். நீங்களாக அழுத்தியோ குத்தியோ பார்க்கவே கூடாது.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: மாடியில் குடியிருப்பவர்களும் பயன்படுத்தட்டும் என்று ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காமல் இருப்பதே நல்லது. மேலே சொன்னபடி, ஹாட்ஸ்பாட் வழியாகச் செல்லும் அத்தனையும் உங்கள் பெயரிலுள்ள இணைப்பிலிருந்து சென்றதாகவே தெரியும். ஏதாவது நேர்ந்தால் முதலில் கேள்வி வருவது உங்களிடம்தான். மேலும், ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர் உங்கள் முன்னறைக் கருவிகளை எட்ட முடியும் என்பதை மதுரை வாசகருக்கான பதிலில் பார்த்தோம். விருந்தினருக்குக் கொடுக்க ரவுட்டரிலேயே 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஒரு கணினியை வீட்டுக் கருவிகள் அனைத்துக்கும் வாசலாக நெடுங்காலம் வைத்திருப்பது சரியல்ல.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: பரணில் ஒரு பழைய ரவுட்டர் இருக்கிறது. கணினிக்குப் பதில் அதை வைத்து நீட்டிக்கலாமா?

பதில்: தாராளமாக. நிலையான தீர்வு வேண்டுபவர்கள் அனைவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அதற்கு ஒரு ஈத்தர்நெட் ஒயர் மட்டும் இழுக்க வேண்டும். கேட் 6 (Cat 6) என்ற வகை ஈத்தர்நெட் ஒயர் 100 மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 330 அடி வரை வேலை செய்யும் என்பதால், எவ்வளவு நீண்ட வீட்டுக்கும் அது போதும். கடையில் கேட்கும்போது முழுச் செம்பு ஒயர் என்று வற்புறுத்திக் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் எளிதில் முறியும், தொலைவுக்கும் தாங்காது. மின் ஒயர் போகும் அதே குழாய்க்குள் இதைச் செலுத்த வேண்டாம். தனிப் பட்டியில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பழைய ரவுட்டரை முதலில் ஒரு கணினியோடு மட்டும் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள். அதன் சொந்த முகவரியை, முதன்மை ரவுட்டர் 192.168.1.1 என்றால், 192.168.1.2 என்று மாற்றுங்கள். அந்த எண்ணை முதன்மை ரவுட்டர் வேறு கருவிக்குக் கொடுத்துவிடாதபடி, அது வழங்கும் வரிசைக்கு வெளியே இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்துவிடுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் முதன்மை ரவுட்டரில் உள்ளதைப் போலவே இருக்கட்டும். இங்கே நெட்வொர்க் ஒன்றே என்பதால், ஹாட்ஸ்பாட்டில் கூடாது என்று சொன்ன ஒரே பெயர் இங்கே நன்மையே செய்யும். போன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது பெரும்பாலும் தானாகவே மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் முதன்மை ரவுட்டர் சேனல் 1-இல் இருந்தால் இதை 6 அல்லது 11-இல் வையுங்கள்.

கடைசியாக, ஒயரைச் செருகும் துளையில் கவனம் தேவை. வெளியிலிருந்து இணையம் வருவதற்கென்று தனியாக, வேறு நிறத்தில் இருக்கும் 'வேன்' (WAN) துளையில் செருகினால், பழைய ரவுட்டர் மறுபடியும் தனி நெட்வொர்க்கை உண்டாக்கி, மதுரை வாசகரின் பிரிண்டர் சிக்கல் உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும். வீட்டுக் கருவிகளுக்காக வரிசையாக இருக்கும் 'லேன்' (LAN) துளைகளில் ஏதேனும் ஒன்றில் செருகுங்கள். பிறகு ஒரு லேப்டாப்பை ஒயர் மூலம் அதில் இணைத்து, இணைப்பு வேகம் 1000 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ரவுட்டர்கள் இரண்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வகையாக இருந்தும் 100 என்றே காட்டினால், ஒயருக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று முனையில் சரியாக அழுத்தப்படவில்லை. எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்பே இதைச் சோதித்து, இரண்டு முனைகளையும் மறுபடி அழுத்தித் தரச் சொல்லுங்கள்.